ஆன்லைன் கேமுக்கு கிளவுட் சர்வர்: பான் கார்டில் தொடங்கி முதல் பில் வரை

இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மல்டிபிளேயர் கேம் செய்துவிட்டீர்கள். வீட்டு வைஃபையில் இரண்டு போன்களில் நன்றாக ஓடுகிறது. இனி அதை ஊருக்குப் பொதுவாக இணையத்தில் ஏற்ற வேண்டும். கோடு (நிரல்) எழுதத் தெரிந்தவர்களே பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஏதோ ஒரு ஃபார்ம் இரண்டு வாரம் இழுக்கும், ஒரு போர்ட் (சர்வருக்குள் நுழையும் வாசல்) திறக்காது, மாதக் கடைசியில் வரும் பில் தூக்கிவாரிப்போடும்.

கோடோ அல்லது யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேம், ஒரு ஆட்டத்துக்கு 4 முதல் 10 பேர், ஆடுபவர்கள் பெரும்பாலும் இந்தியாவில், நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. கட்டணங்களை டாலரில் கொடுத்திருக்கிறது. ரூபாய்க் கணக்குக்கு ஒரு டாலர் 90 ரூபாய் என்று கொண்டிருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தந்த நிறுவனத்தின் விலைப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விலைகள் அடிக்கடி மாறும்.

1. சர்வர் உண்மையிலேயே தேவையா என்று முடிவு செய்யுங்கள்

பல்லாங்குழி, ஆடுபுலி, சதுரங்கம், வார்த்தை விளையாட்டு மாதிரி ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவது என்றால் 24 மணி நேரமும் ஓடும் கேம் சர்வர் வேண்டாம். கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் உள்ள ரியல்டைம் டேட்டாபேஸ் போதும். இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள், 1 ஜிபி சேமிப்பு, மாதம் 10 ஜிபி டவுன்லோடு கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்தில் டவுன்லோடு ஒரு ஜிபிக்கு 1 டாலர். ஒரு காய் நகர்ந்ததற்கு முழு அறையின் தகவலையும் திரும்பப் படிக்கும்படி எழுதிவிட்டால் அந்த 10 ஜிபி சீக்கிரமே கரைந்துவிடும். மாறிய கட்டத்தை மட்டும் கவனிக்கும்படி எழுதுங்கள். இன்னொன்று: ஏமாற்றைத் தடுக்க ஆட்டவிதியை கிளவுட் ஃபங்ஷனில் (ஃபயர்பேஸ் தரப்பில் ஓடும் சிறு நிரலில்) சரிபார்க்க நினைத்தால், கார்டு இணைத்த கட்டணத் திட்டத்துக்கு மாறியே ஆக வேண்டும்.

கார் ரேஸ், சண்டை, துப்பாக்கி, காய்கள் உண்மையாக மோதும் கேரம் போன்றவற்றுக்கு இரண்டு வழி. ஆடுபவர்களில் ஒருவர் போனையே சர்வராக வைத்து நடுவில் தகவலை வாங்கிக் கடத்தும் ரிலே சேவை போடலாம். மலிவு. ஆனால் அவருக்கு ஒரு அழைப்பு வந்தால் எல்லோருடைய ஆட்டமும் நின்றுபோகும். அவர் நினைத்தால் ஏமாற்றவும் முடியும். நண்பர்கள் தங்களுக்குள் ஆடும் கேமுக்கு அது போதும். முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துவிட்டு, தரவரிசையும் கொடுப்பதாக இருந்தால் தனி சர்வர்தான். மீதிக் கட்டுரை அதற்கு.

பணம் கட்டி ஆடிப் பணம் ஜெயிக்கும் கேம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் அத்தகைய கேம்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதம் அதில் எடுபடாது.

2. காகித வேலையை கோடு முடியும் முன்பே தொடங்குங்கள்

பெரும்பாலோர் இதைக் கடைசியில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். சர்வரை ஒரு நாளில் எழுப்பிவிடலாம். அடையாளச் சரிபார்ப்பை உங்களால் அவசரப்படுத்த முடியாது.

கிளவுட் கணக்குக்கு: பான் எண், ஆன்லைன் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்ட கார்டு, கைவசம் உள்ள மொபைல் எண். இந்திய முகவரியோடு ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்கு தொடங்கினால் அதன் இந்திய நிறுவனமே ரூபாயில் பில் போடும். 18% ஜிஎஸ்டி சேரும். கார்டைச் சோதிக்க 2 ரூபாய் எடுக்கும். ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள் அதை முதல் பில் வரும் முன்பே கணக்கில் ஏற்றிவிடுங்கள். எண் இல்லாமல் வந்த பில்லுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. எண் இல்லாதவர்கள் இதற்காக ஓட வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பதிவு பற்றிய பேச்சு வரும். வெளிநாட்டு வருமானம், வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கும் சேவை இரண்டும் கலக்கும்போது விதிகள் சிக்கலாகும். அதை ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் ரிசர்வ் வங்கி வரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் போகும் பில்லுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி போட வேண்டும். கேம் திடீரென்று பிரபலமாகி பில் 18,000 ஆனால், பணம் தானாகப் போகாது, நினைவூட்டல் மெயில் ஸ்பாமில் கிடக்கும், கணக்கு முடங்கும். நன்றாக ஓடும் மாதத்திலேயே சர்வர் நின்றுபோகும் கொடுமை இது. மாதம் பிறந்து முதல் வாரத்தில் பில்லைக் கையால் பார்த்துக் கட்டும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ப்ளேக்கு: ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், அடையாளச் சரிபார்ப்பு. 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், கேமை எல்லோருக்கும் வெளியிடும் முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்த வேண்டும். பன்னிரண்டு பேர் மட்டும் சேர்ந்து ஏழாம் நாள் மூன்று பேர் விலகினால் எண்ணிக்கை கெடும், ஆகவே 20 பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனக் கணக்குக்கு இந்தச் சோதனை இல்லை, ஆனால் டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான சர்வதேச அடையாள எண்) கேட்பார்கள். அது வர நாளாகும்.

ஸ்டீமுக்கு (கணினி கேம்களை விற்கும் இணையக் கடை): ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரை எட்டினால் அது திரும்பி வரும். கட்டணம் கட்டிய நாளிலிருந்து வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும். ‘விரைவில்’ என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் மக்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வரிப் படிவத்தில் பான் எண்ணை வெளிநாட்டு வரி எண்ணாகக் கொடுங்கள். கொடுத்தால் அமெரிக்க விற்பனையில் உங்கள் பங்குக்கு இந்திய ஒப்பந்தப்படி 15% பிடித்தம், விட்டுவிட்டால் 30%. பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், விரிவாகப் பின்னால் இன்னொன்றில் என்று இருப்பது நம் ஊரில் சகஜம். சரிபார்ப்பு அங்கேதான் சிக்கும்.

இன்னும் ஒரு தாள் வேலை: கேமில் கணக்கு தொடங்க விட்டால், அந்தக் கணக்கை அழிக்கும் வழி கேமுக்குள்ளும், தனியாக ஒரு வலைப்பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது கூகுள் ப்ளே விதி. தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்; அவர்கள் தகவலைச் சேர்க்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். போன் எண், பிறந்த தேதி, இருப்பிடம் என்று கேட்காமல், ஒரு புனைபெயரோடு நிறுத்திக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வெளியிடும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு கணக்குகளைத் தொடங்கியிருக்க வேண்டும்.

3. எந்த ஊர் டேட்டா சென்டர்

கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறத்தாழ 200 கி.மீ. போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கி.மீ.; போய் வர எப்படிப் பார்த்தாலும் 10 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் வளைந்து போவதும் நடுவில் உள்ள கருவிகளும் சேர்ந்து நடைமுறையில் அது இரண்டு மூன்று மடங்காகும். அமெரிக்காவில் சர்வர் வைத்தால் பிங் (தகவல் போய் வரும் நேரம்) 200 மில்லிசெகண்டைத் தாண்டும். அதற்கு எந்தக் கோடும் மருந்தில்லை.

ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பை, ஹைதராபாத், கூகுள் கிளவுடுக்கு மும்பை, டெல்லி, அஸூருக்குப் புனே, சென்னை, மும்பை, டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரு, லினோடுக்குச் சென்னை, மும்பை. கணக்கைத் திறந்ததும் முன்பே தேர்வாகியிருக்கும் ஊர் அமெரிக்காவாக இருக்கலாம். மேலே வலது மூலையில் பார்த்து மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிறகு மாற்ற முடியாது, புதிதாகத்தான் எழுப்ப வேண்டும்.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலும் ஆடுபவர்கள் உண்டு என்றால் சிங்கப்பூரையும் அளந்து பாருங்கள். அளப்பது வீட்டு பிராட்பேண்டில் வேண்டாம், மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். மதுரையில் ஒருவர், கோவையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், ஆளுக்கு ஒரு நெட்வொர்க், இரவு 9 மணி. அந்த நேரத்து எண்தான் உங்கள் கேமின் உண்மையான பிங்.

4. மெஷினின் அளவு

புதியவர்கள் எடுப்பது பெரும்பாலும் மலிவான ‘டி’ வகை மெஷின். ஏடபிள்யூஎஸ் டி3 ஸ்மாலில் 2 சிபியு, 2 ஜிபி மெமரி, மும்பையில் மாதம் சுமார் 16 டாலர். ஆனால் அந்த 2 சிபியுவும் முழுதாக உங்களுடையது இல்லை. ஒவ்வொன்றிலும் 20% மட்டும்தான் நிரந்தரம். அதற்கு மேல் ஓடினால் சேர்த்து வைத்த கிரெடிட் செலவாகும். டி3 மைக்ரோவில் அது 10% தான்.

வலைத்தளத்துக்கு இது பொருந்தும், யாராவது வந்தால்தான் அதற்கு வேலை. கேம் சர்வர் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விநாடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சோதிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். மாலையில் கிரெடிட் தீரும். டி3 முதலிலேயே ‘வரம்பற்ற’ முறையில்தான் வரும், ஆகவே வேகம் குறையாது, பில் ஏறும்: மிகையாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு சிபியு மணிக்கும் 0.05 டாலர். டி3 ஸ்மாலை மாதம் முழுக்க 100 சதவீதத்தில் ஓட்டினால் வாடகை 16 டாலர், மேல்கட்டணம் 58 டாலர். வரம்பற்ற முறையை அணைத்துவிட்டால் பில் ஏறாது; ஆட்டக்காரர்கள் ரப்பர் பேண்டில் கட்டியதுபோல் முன்னும் பின்னும் இழுபடுவார்கள்.

யூனிட்டி சர்வரில் டார்கெட் ஃப்ரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்ணை) அமைக்க மறந்தால், திரையே இல்லாத மெஷினில் அது முடிந்த வேகத்தில் சுற்றி ஒரு சிபியுவை முழுக்கத் தின்னும். காலியான சர்வரே 100% காட்டினால் முதலில் அதைப் பாருங்கள்.

பகிர்ந்த சிபியு மெஷின் எதுவானாலும் லினக்ஸின் டாப் கட்டளையில் ‘ஸ்டீல்’ என்ற எண்ணைக் கவனியுங்கள். உங்களுக்கு வரவேண்டிய நேரத்தைப் பக்கத்து வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளும் அளவு அது. தொடர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மெஷினை அழித்துப் புதிதாக எழுப்புங்கள், அல்லது தனி சிபியு வகைக்கு மாறுங்கள்.

5. பேண்ட்வித் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்

மெஷின் வாடகையை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். கேமுக்குப் பில்லைத் தீர்மானிப்பது வெளியே போகும் டேட்டா. உள்ளே வருவது பொதுவாக இலவசம்.

8 பேர் ஆடும் ஆட்டம், விநாடிக்கு 20 முறை நிலைத்தகவல். ஒரு ஆளைப் பற்றிய தகவலை இப்படி அடைக்கலாம்: அடையாளம் 1 பைட், இடம் 6, திசை 2, வேகம் 6, உயிர் 1, மற்ற கொடிகள் 2. மொத்தம் 18. எட்டுப் பேருக்கு 144, முன்னால் டிக் எண்ணும் (சர்வர் உலகத்தைக் கணக்கிடும் ஒரு முறை ஒரு டிக்) செய்தியின் வகையும் சேர்த்து 6. ஆக 150 பைட். இதன் மேல் ஐபி (இணைய முகவரி), யுடிபி (பதிலுக்குக் காத்திருக்காமல் வேகமாக அனுப்பும் முறை) உறைகள் 28 பைட் ஏறும். ஒரு பாக்கெட் (ஒரே தடவையில் போகும் தகவல் பொட்டலம்) 178 பைட். விநாடிக்கு 20 என்றால் 3,560 பைட். ஒரு இருக்கை மாதம் முழுக்க நிரம்பியிருந்தால் 9.2 ஜிபி. சராசரியாக 100 பேர் எந்நேரமும் இருந்தால் சுமார் 920 ஜிபி.

அதே தகவலை ஜேசனாக (மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வடிவமாக) அனுப்பினால்? ஒரு ஆளுக்கு 75 பைட் என்று வைத்தாலும் பாக்கெட் 628 பைட். மாதம் சுமார் 3,250 ஜிபி.

இப்போது விலை. ஏடபிள்யூஎஸ் மும்பையில் வெளியே போகும் டேட்டா ஒரு ஜிபி 0.1093 டாலர், மாதத்தின் முதல் 100 ஜிபி இலவசம். நெருக்கி அடைத்த வடிவத்துக்கு சுமார் 90 டாலர்: ஜிஎஸ்டியோடு 9,500 ரூபாய்க்குச் சற்று மேல். ஜேசனுக்கு சுமார் 345 டாலர்: 36,000 ரூபாயைத் தாண்டும். டிஜிட்டல்ஓஷனின் 12 டாலர் மெஷினிலோ 2,000 ஜிபி வாடகையிலேயே அடக்கம். மேலே போனால் ஜிபிக்கு 0.01 டாலர். அடைத்த வடிவம் வாடகைக்குள் முடிந்துவிடும், ஜேசனுக்குக்கூட 12, 13 டாலர்தான் கூடும்.

இதிலிருந்து ஒரு வெளிப்படையான பரிந்துரை: முதல் கேமுக்கு டேட்டா அடங்கிய வாடகைத் திட்டத்தை எடுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸிலேயே இருக்க வேண்டுமென்றால் லைட்செயில் என்ற அத்தகைய திட்டம் உண்டு, ஆனால் மும்பையில் அதன் டேட்டா ஒதுக்கீடு மற்ற ஊர்களில் தருவதில் பாதிதான். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

100 பேர் என்பது சராசரி. நம் ஊர் கேம்களுக்குக் கூட்டம் இரவு 8 முதல் 11 வரை. விடியற்காலை 4 மணிக்கு ஈ ஆடாது. உச்சத்தில் 300 பேர் வரும் கேமுக்குச் சராசரி 100 இருக்கலாம். மெஷினை உச்சத்துக்கும், டேட்டாவைச் சராசரிக்கும் கணக்கிடுங்கள்.

குறைக்கும் வழிகள், பலன் அதிகமானது முதலில்: ஜேசனை விட்டுவிடுவது, 4 பைட் தசம எண்களை 2 பைட்டாக்குவது, கண்ணில் படாத தூரத்து ஆட்களைக் குறைவாக அனுப்புவது, காத்திருப்பு அறையில் விநாடிக்கு 2 முறையோடு நிறுத்துவது. சின்னச் சின்ன செய்திகளைத் தனித்தனி பாக்கெட்டாக அனுப்பாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் 28 பைட் உறை தண்டம். அதே சமயம் ஒரு பாக்கெட் 1,200 பைட்டைத் தாண்டவும் வேண்டாம். மொபைல் நெட்வொர்க்குகளில் பெரிய பாக்கெட் உடைந்து தொலையும்.

6. சர்வரை ஏற்றி ஓடவிடுவது

கோடோவில் எக்ஸ்போர்ட் செய்யும்போது டெடிகேட்டட் சர்வர் முறையைத் தேர்ந்தெடுங்கள், படங்களை உரித்துவிடும். யூனிட்டியில் லினக்ஸ் டெடிகேட்டட் சர்வர் பில்ட். பிறகு இந்த வரிசையில் சோதியுங்கள். ‘என் மெஷினில் ஓடுகிறது, கிளவுடில் இணையவில்லை’ என்ற புலம்பலில் பெரும்பகுதி இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்:

ஃபைலுக்கு இயக்கும் அனுமதி கொடுத்தீர்களா? விண்டோஸிலிருந்து ஏற்றினால் அது போய்விடும்.

ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து சரியா? விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும்.

சர்வர் கேட்கும் முகவரி 0.0.0.0 தானா? 127.0.0.1 என்று இருந்தால் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் கேட்கும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் காது கேட்காது.

ஃபயர்வாலில் யுடிபி திறந்தீர்களா? படிவம் முதலில் காட்டுவது டிசிபி என்ற வேறு அனுப்பும் முறை. கேமின் போர்ட் எண்ணை (உதாரணமாக 7777) டிசிபியில் திறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் ஏராளம். கிளவுட் கணக்கில் ஒரு ஃபயர்வால், மெஷினுக்குள் இன்னொன்று. இரண்டிலும் திறக்க வேண்டும்.

பிரவுசரில் ஓடும் கேம் என்றால் நேரடி யுடிபி கிடையாது. வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் தொடர்ந்து பேசும் இணைப்பு), 443 போர்ட், டொமைன் பெயர், சான்றிதழ் எல்லாம் வேண்டும். பக்கம் பாதுகாப்பான முகவரியில் இருந்து சாக்கெட் மட்டும் பாதுகாப்பற்றதாக இருந்தால் பிரவுசர் தடுத்துவிடும்.

ஓட ஆரம்பித்ததும் டெர்மினலை மூடிப் பாருங்கள். சர்வரும் சேர்ந்து செத்தால் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் நிரல்) சேவையாகப் பதிய வேண்டும் என்று பொருள். விழுந்தால் தானே எழும்படி அமைத்து, பதிவுகளுக்கு அளவு வரம்பு வையுங்கள். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வரி அச்சிடும் சர்வர், 25 ஜிபி டிஸ்க்கை நிரப்பிவிட்டுத் தானும் விழும்.

நிறுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அப்டேட்டுக்காகச் சேவையை நிறுத்தும்போது லினக்ஸ் முதலில் ஒரு முடிப்பு அறிவிப்பு அனுப்பும். சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி பொறுத்துவிட்டு வலுக்கட்டாயமாகக் கொல்லும். நிரல்களைப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கர் 10 விநாடி, குபர்னெட்டீஸ் 30 விநாடி. உங்கள் ஆட்டம் 6 நிமிடம் என்றால் அந்தப் பொறுமையை 7, 8 நிமிடமாக ஏற்றுங்கள். அறிவிப்பு வந்ததும் புது ஆட்களைச் சேர்க்காமல், நடக்கும் ஆட்டத்தை முடித்துவிட்டு வெளியேறும்படி கோடில் எழுதுங்கள்.

7. முகவரியை கேமுக்குள் எழுதிவிடாதீர்கள்

ஐபி எண்ணை நேராகக் கேமில் பதித்துவிட்டு, பிறகு மெஷினை மாற்றினால், அப்டேட் செய்யாத எல்லாப் போன்களும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் அதற்குள் வேறு யாருக்காவது போயிருக்கும். டொமைன் பெயர் ஒன்று வாங்கி அதைக் கொடுங்கள். அதைவிட மேல், கேம் திறந்ததும் ஒரு சின்னப் பட்டியல் ஃபைலைப் படிக்கட்டும்: எந்தப் பதிப்புக்கு எந்த சர்வர், எந்த போர்ட், பராமரிப்பு அறிவிப்பு உண்டா.

பதிப்பு எண் ஏன் முக்கியம் என்றால், ப்ளே ஸ்டோரில் அப்டேட் போட்ட நிமிடமே எல்லோரிடமும் போய்ச் சேராது. நாட்கணக்கில் பழைய பதிப்பு புழங்கும். பாக்கெட் அமைப்பை மாற்றிய புது சர்வரைப் பழைய போன்கள் தொட்டால் விநோதமாக உடையும். முதல் பாக்கெட்டிலேயே பதிப்பு எண்ணைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் ‘அப்டேட் செய்யவும்’ என்று தமிழிலேயே சொல்லி அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குப் பழைய சர்வரையும் வேறு போர்ட்டில் ஓடவிடுங்கள்.

8. மொபைல் நெட்வொர்க்கின் குணம்

மொபைலில் வரும் ஆட்டக்காரர்கள் பலர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். ஆகவே ‘ஒரு ஐபிக்கு ஒரு ஆள்’ என்று கட்டுப்பாடு வைக்காதீர்கள்; ஒருவரை ஐபி வைத்துத் தடை செய்தால் அந்தப் பகுதியே வெளியே நிற்கும். நடுவில் உள்ள கருவி, பேச்சில்லாத யுடிபி இணைப்பை அரை நிமிடத்திலேயே மறந்துவிடக்கூடும். காத்திருப்பு அறையிலும் 10 விநாடிக்கு ஒருமுறை ஒரு குட்டிப் பாக்கெட் போகட்டும்.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஐபி மாறும். சர்வருக்கு அது புது ஆள். உள்ளே வரும்போது ஒரு ரகசிய டோக்கன் கொடுத்து, இணைப்பு அறுந்தால் இருக்கையை 45 விநாடி காலியாக வைத்திருந்து, டோக்கனோடு திரும்பினால் அதே இடத்தில் உட்கார வையுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் ஆடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

9. ஆள் வரும் முன் பாட் வையுங்கள்

தானாக ஓடி ஆடும் போலி ஆட்டக்காரர்களை எழுதி, வேறொரு மெஷினிலிருந்து இணையுங்கள். அதே மெஷினில் பாட்களையும் ஓட்டினால் எண்கள் பொய் சொல்லும். 20 டிக் என்றால் ஒவ்வொரு டிக்குக்கும் 50 மில்லிசெகண்ட் இடம். சராசரி 25-ஐத் தாண்டாமல், மோசமான டிக் 50-க்குள் இருக்கும் வரை ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். எங்கே உடைகிறதோ அதில் முக்கால் பங்கை ஒரு மெஷினின் கொள்ளளவாக எழுதி வையுங்கள். மணிக்கணக்கில் ஓடவிட்டு மெமரியையும் பாருங்கள். ஆட்டம் முடிந்தும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கண்டுபிடிக்கும்வரை விடியற்காலை 4 மணிக்கு மறுதொடக்கம் என்று வைத்துச் சமாளிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

10. பில்லுக்கும் சாவிக்கும் பூட்டு

ஏடபிள்யூஎஸ்ஸில் பட்ஜெட் வைத்தால் அது மெயில்தான் அனுப்பும். நீங்கள் தனியாக அமைத்தால் ஒழிய எதையும் தானாக நிறுத்தாது. செலவுக் கணக்கும் சில மணி நேரம் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே எதிர்பார்க்கும் பில்லின் 30%, 60%, 100% என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை வையுங்கள். 5-ஆம் தேதியே 30% வந்தால் ஏதோ சரியில்லை.

முதன்மைக் கணக்குக்கு இரட்டைப் பூட்டு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடுங்கள். கிளவுட் சாவியை (கணக்கை நிரல் வழியாக இயக்கும் ரகசியக் குறியீட்டை) கோடு பகிரும் தளமான கிட்ஹபில் போடாதீர்கள், கேம் ஃபைலுக்குள்ளும் வைக்காதீர்கள். ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு கேம் ஃபைலை) பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தையல்ல. பொதுவில் விழுந்த சாவியைத் தேடிப் பிடிக்கவே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிமிடங்களில் உங்கள் பெயரில் பெரிய மெஷின்கள் எழும்பி கிரிப்டோ தோண்டும்.

சத்தமில்லாமல் ஏறும் சில்லறைகள்: பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.65. கற்றுக்கொடுக்கும் வீடியோவைப் பார்த்து நாட் கேட்வே (பொது ஐபி இல்லாத மெஷின்கள் வெளியே போகும் வழி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு கேம் சர்வருக்கு அது தேவையே இல்லை, மணிக்கும் கட்டணம், ஜிபிக்கும் கட்டணம். 2025 ஜூலை நடுவுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்குப் பழைய 12 மாத இலவசத் திட்டம் இல்லை. தொடக்கத்தில் 100 டாலர் கிரெடிட், சில வேலைகளை முடித்தால் இன்னும் 100, இலவசத் திட்டம் 6 மாதம்.

11. வெளியிடும் வாரம்

புதுக் கணக்குகளுக்கு எத்தனை சிபியு எடுக்கலாம் என்பதில் சின்ன வரம்பு இருக்கும். வெளியிடும் இரவில் கேட்டால் கிடைக்காது. இரண்டு வாரம் முன்பே உயர்த்தக் கேளுங்கள். மெஷின்களைக் கூட்டமேறிய பிறகு எழுப்பாதீர்கள், மாலை 7:30-க்கே எழுப்பி நள்ளிரவில் இறக்கும்படி நேரம் வைத்துவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் பறிக்கப்படும் ஸ்பாட் மெஷின் ஆசை வேண்டாம். ஏடபிள்யூஎஸ் 2 நிமிட அவகாசத்தில் பிடுங்கிக்கொள்ளும், கூகுள் 30 விநாடியில். பாட் சோதனைக்கு மட்டும் அது லாபம்.

கேம் சர்வர்களைத் தானாக நிர்வகிக்கும் கேம்லிஃப்ட், அகோனஸ், ப்ளேஃபேப் எல்லாம் இருக்கும்போது கையால் ஏன் என்று கேட்கலாம். ஒன்றிரண்டு மெஷினில் அடங்கும் கேமுக்கு அவற்றைக் கற்கும் நேரத்தில் கேமையே முடித்துவிடலாம். பத்து மெஷினைத் தாண்டும்போது யோசியுங்கள். அப்போதும் ஆட்டத்தின் கோடையும் அந்தச் சேவையின் கோடையும் தனித்தனியாக வையுங்கள். கூகுள் தன் கேம் சர்வர்ஸ் சேவையை 2023 ஜூனில் மூடியது போல எதுவும் மூடப்படலாம்.

போலி டேட்டாவால் சர்வரை மூழ்கடிக்கும் தாக்குதலுக்கு எதிரான அடிப்படைக் காப்பு ஏடபிள்யூஎஸ்ஸில் இலவசமாகவே உண்டு. மேம்பட்டது மாதம் 3,000 டாலர், ஓராண்டு ஒப்பந்தம். அது நமக்கானது அல்ல. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: டோக்கன் இல்லாத பாக்கெட்டுக்கு, வந்ததைவிடப் பெரிய பதிலை அனுப்பாதீர்கள். அனுப்பினால் உங்கள் சர்வரை வைத்து மற்றவர்களைத் தாக்குவார்கள்; வெளியே போகும் டேட்டாவுக்குக் காசு கட்டுவது நீங்கள்.

12. நிறுத்தும்போது

ஏடபிள்யூஎஸ்ஸில் மெஷினை நிறுத்தினால் சிபியு கட்டணம் நிற்கும். டிஸ்க்குக்கும், பிடித்து வைத்த ஐபிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். டிஜிட்டல்ஓஷனில் அணைத்து வைத்த மெஷினுக்கும் முழு வாடகை, அழித்தால்தான் நிற்கும். அழிக்கும் முன் ஆட்டக்காரர்களின் டேட்டாபேஸை உங்கள் கணினிக்கு இறக்கி, வேறொரு இடத்தில் ஏற்றித் திறந்து பாருங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்: மெஷின், டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), ஐபி, லோடு பேலன்சர் (கூட்டத்தைப் பல மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புவது). ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும், சோதனைக்காகச் சிங்கப்பூரில் எழுப்பிய மெஷின் மும்பைப் பட்டியலில் தெரியாது. அடுத்த மாத பில் பூஜ்யம் என்று வந்த பிறகு கார்டை நீக்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.